மறுபடியும் வந்த தூதன்



நீங்கள் அனுப்பும் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று யாராவது கேட்டால், பிரசவ வார்டு, கண் சிகிச்சை, ஆபரேஷன் அறை என்று உடனே சொல்லிவிடலாம். படம் எடுத்து அனுப்பவும் அவை ஏற்றவை. படத்தில் காட்ட முடியாத செலவு ஒன்றும் உண்டு. மனநலப் பிரிவில் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் காலையில் சிலர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காயம் இல்லை, கட்டு இல்லை, இருமல் இல்லை. பேர் கூப்பிட்டதும் எழுந்து போய் இரத்தம் கொடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், டாக்டர் கேட்கும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். "நன்றாகத்தானே இருக்கிறார்கள், இவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?" என்று பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த மாதாந்திர வருகைதான்.

இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது. முதலில் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களை வாசித்துவிட்டுத் தொடரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வேதபாடம்

கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தம்முடைய உயிரை எடுத்துக்கொள்ளும்படி கர்த்தரிடம் கேட்கிறார். எலியாவுக்கு இன்ன வியாதி என்று பெயர் சூட்ட நாங்கள் துணியவில்லை. ஆனால் தேவனுடைய மனிதனும் சாவை விரும்பும் அளவுக்குச் சோர்ந்துபோகக்கூடும் என்பதை வேதம் மறைக்கவில்லை.

கர்த்தர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தூதனை அனுப்பினார். தூதன் கொண்டு வந்தது அடையும் தண்ணீரும். எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். ஒரு வேளை ஆகாரத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆகவே தூதன் திரும்பவும் வந்தான், திரும்பவும் தட்டி எழுப்பினான், போகவேண்டிய தூரம் அதிகம் என்பதை நினைப்பூட்டிச் சாப்பிடச் செய்தான். அதற்குப் பிறகே எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்தார்.

தூதன் முதல் தரம் வந்ததைப் பற்றி நாம் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். இந்தப் பாடம் அவன் மறுபடியும் வந்ததைப் பற்றியது. மனநிலை நோய்களில் முதல் மருந்தைவிட மறுபடியும் போய்ப் பார்ப்பதே அநேகருடைய உயிரைக் காக்கிறது.

இரண்டு நோய்கள்

மனநிலை நோய்களில் முக்கியமானவை இரண்டு. முதலாவது மனச்சோர்வு நோய். துக்கம் எல்லாருக்கும் வரும், போகும். இது அப்படியல்ல. இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலாக, நாள்தோறும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துப்போயிருக்கும். பிடித்த காரியத்திலும் நாட்டம் இராது. தூக்கமும் பசியும் கெடும். தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் அரிக்கும். நம் கிராமத்துச் சகோதரிகள் இதை "மனசு சரியில்லை" என்றுகூடச் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் வலி, கைகால் ஓய்ந்துபோகிறது, நெஞ்சு படபடக்கிறது" என்றுதான் ஓ.பி. சீட்டு எடுக்கிறார்கள்.

இரண்டாவது இருதுருவ மனநிலை நோய். டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். ஒரு காலத்தில் மனச்சோர்வு, இன்னொரு காலத்தில் அதற்கு நேர்மாறான எழுச்சி. எழுச்சியின்போது இரண்டு மணி நேரத் தூக்கம் போதும் என்று தோன்றும். பேச்சு நிற்காது. கையிலுள்ள பணம் தண்ணீராய்ச் செலவாகும். தான் பெரிய காரியத்துக்குத் தெரிந்துகொள்ளப்பட்டவன் என்ற நிச்சயம் வரும்.

சபையார் இங்கே விழிப்பாயிருக்க வேண்டும். எழுச்சியிலிருப்பவர் இரவெல்லாம் உரத்த சத்தமாய் ஜெபிப்பார், தரிசனம் கண்டேன் என்பார், வீட்டு நகையைக் காணிக்கைப் பெட்டியில் போடுவார், நிலத்தை ஊழியத்துக்கு எழுதித் தருகிறேன் என்பார். நாம் அதை எழுப்புதல் என்று எண்ணி ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறோம். நாலு வாரம் கழித்து அவர் சோர்வில் விழும்போது, நகையும் நிலமும் போன குற்ற உணர்ச்சியே அவரை நசுக்கிவிடும். ஆகவே தாழ்மையாய் ஒன்று சொல்லுகிறோம். பல நாள் தூக்கமில்லாமல், பழைய சுபாவத்துக்கு முற்றிலும் மாறாக நடக்கிற ஒருவர் பெரிய காணிக்கை கொடுக்க முன்வந்தால், வாங்காதீர்கள். வீட்டாரிடம் பேசுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கே அவர் கொடுக்க விரும்பினாலும் இதையே செய்யுங்கள்.

லித்தியம் சொல்லும் பாடம்

இருதுருவ நோய்க்கு நீண்ட காலமாய்ப் பயன்பட்டு வரும் மருந்து லித்தியம். அது ஒரு வகை உப்பு. அதன் சரித்திரமே நமக்கு ஒரு பாடம்.

ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி சிறைமுகாமில் மூன்று வருஷத்துக்கு மேல் கைதியாயிருந்து திரும்பியவர். மெல்பர்ன் அருகே பண்டூரா என்ற இடத்து ஆஸ்பத்திரியில், பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் பண்டக அறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு உழைத்தார். கினிப் பன்றிகளுக்கு லித்தியம் உப்பைச் செலுத்தியபோது அவை அமைதியாவதைக் கண்டார். தாமே அதை உட்கொண்டு பார்த்த பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். கடும் எழுச்சியில் இருந்த 10 பேர் நல்ல குணம் அடைந்ததை 1949 செப்டம்பரில் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அவர்களில் முதலாமவர் வருஷக்கணக்காய் வார்டில் அடைபட்டிருந்தவர். அவர் வீடு திரும்பினார், வேலைக்கும் போனார்.

அதே 1949இல் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. இருதய நோயாளிகள் சாப்பாட்டு உப்பைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, லித்தியம் உப்பு மாற்று உப்பாகக் கடைகளில் விற்கப்பட்டது. அதை அளவின்றிச் சாப்பிட்டவர்களில் சிலர் இறந்தார்கள். அரசாங்கம் விற்பனையை நிறுத்தியது.

ஒரே வருஷம், ஒரே உப்பு. ஒரு தேசத்தில் சுகம், இன்னொரு தேசத்தில் மரணம். கேடின் ஆஸ்பத்திரியிலும் துயரம் வந்தது. குணமாகி வீடு போன அந்த முதல் நோயாளி மருந்தை விட்டுவிட்டார். நோய் திரும்பியது. மறுபடியும் மருந்து தொடங்கியபோது அது உடலில் மிஞ்சி விஷமாகி, 1950இல் அவர் இறந்துபோனார்.

இந்த முடிச்சை அவிழ்த்தது புதிய மருந்து அல்ல, ஓர் அளவுகோல். லித்தியம் தீயில் பட்டால் சுடர் சிவக்கும். சுடரின் ஒளியைக் கொண்டு இரத்தத்திலுள்ள லித்தியத்தை அளக்கும் கருவியை மெல்பர்ன் ஆய்வாளர்கள் பயன்படுத்தி, 1951இல் பல நோயாளிகளுக்குப் பத்திரமாக மருந்து கொடுத்துக் காட்டினார்கள். டென்மார்க் தேசத்தில் மோகன்ஸ் ஷோ என்ற மருத்துவர் 1954இல் முறையான பரிசோதனை நடத்தி அதன் பலனை நிலைநாட்டினார். 1970இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது. இன்று லித்தியம் எழுச்சியையும் சோர்வையும் தடுப்பதோடு, தற்கொலையையும் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அளவு பார்ப்பது எப்படி?

இராத்திரி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாக இரத்தம் எடுக்க வேண்டும். அதனால்தான் எங்கள் ஆட்கள் விடியற்காலை பஸ்ஸில் வருகிறார்கள். லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலோருக்குப் போதுமானது. சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சுகம் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகிய வரப்புதான்.

மருந்து தொடங்கிய புதிதிலும், அளவை மாற்றும்போதும் வாரம் ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். நிலைப்பட்ட பிறகு முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம், உடல் எடை ஆகியவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். லித்தியம் நாளடைவில் இவற்றைப் பாதிக்கக்கூடும். முன்னதாகக் கண்டுகொண்டால் சரிசெய்ய வழியுண்டு.

உடலில் தண்ணீரும் சாப்பாட்டு உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வயல் வேலை, வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் எல்லாம் இதில் அடங்கும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுப்ரோபென் போன்ற மாத்திரைகளும், சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் அளவை உயர்த்திவிடும்.

எங்களிடம் வருகிற ஒரு விவசாயச் சகோதரருக்கு இப்படி நடந்தது. கோடையில் வயிற்றுப்போக்கு, அதோடு முழங்கால் வலிக்கு நாலு நாள் மாத்திரை. கை நடுங்கியது, பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். அவர் மனைவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் சிஸ்டர் கொடுத்த அட்டையில் நடுங்கும் கையும் தள்ளாடும் மனிதனும் படமாக வரையப்பட்டிருந்தன. அந்த அம்மாள் மாத்திரையை நிறுத்திவிட்டு, அட்டையைக் கையில் பிடித்தபடி அன்றைக்கே அவரை அழைத்து வந்துவிட்டார்கள். இரத்தத்தில் லித்தியம் மிஞ்சியிருந்தது. டிரிப் ஏற்றி, அடிக்கடி இரத்தம் பார்த்து, சில நாளில் வீட்டுக்கு அனுப்பினோம். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் நாங்கள் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

மனதை அளப்பது

லித்தியம் சாப்பிடாதவர்களுக்கும் கண்காணிப்பு உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளூவாக்ஸெடின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் இரண்டு முதல் நாலு வாரம் கழித்தே பலன் தரத் தொடங்கும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல் வரும், பலன் வராது. "இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று அநேகர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்த ஆரம்ப வாரங்களில், முக்கியமாய் வாலிப வயதினரை, நெருக்கமாய்க் கவனிக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும். திரும்பத் திரும்ப நோய் வருகிறவர்களுக்கு இன்னும் அதிக காலம் தேவை. இருதுருவ நோய் உள்ளவருக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சி கிளம்பிவிடக்கூடும். ஆகவே "முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாம் என்று உற்சாகமாய் இருந்ததுண்டா?" என்று முதலிலேயே கேட்கிறோம்.

கர்ப்பம் தரிக்கும் வயதுள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்தைக் கூடுமானவரை தவிர்க்கிறோம், அது வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். ஓலன்ஸபின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எடையும் சர்க்கரையும் பார்க்கிறோம்.

மனதைக் காட்டும் தெர்மாமீட்டர் கிடையாது. கேள்விகளே எங்கள் கருவி. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 2001 முதல் உலகமெங்கும் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, நாட்டம் எப்படியிருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். மொத்தம் 27. சென்ற மாதம் 19, இந்த மாதம் 11 என்றால் பாதை சரி. 11 மறுபடியும் 16 ஆனால் காரணம் தேட வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. "செத்துப்போனால் நல்லது என்று நினைத்ததுண்டா?" என்று நேராகவே கேட்கிறோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அநேகர். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்கிறது.

ஏன் வராமல் போகிறார்கள்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இருதுருவ நோயுள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்குச் சிகிச்சையின்றி இருந்தார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நாங்கள் கேட்டறிந்த காரணங்களில் முக்கியமானவை இவை: சுகமாகிவிட்டது, இனி எதற்கு? பஸ்ஸுக்குப் பணமில்லை. ஒரு நாள் கூலி போய்விடும். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரியக்கூடாது.

எங்களை அதிகம் துக்கப்படுத்துகிற காரணம் ஒன்று உண்டு. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் சாட்சி சொல்லி மாத்திரையை நிறுத்தியவர்கள் சில வாரத்தில் கையைக் கட்டிக் கொண்டுவரப்பட்டதை நாங்கள் கண்டிருக்கிறோம். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாய்த் திரும்பும், தற்கொலை அபாயமும் கூடும். தேவன் சுகமளிக்கிறார் என்று விசுவாசித்துத்தான் இந்த ஆஸ்பத்திரியை நடத்துகிறோம். எலியாவுக்கு அவர் அடையையும் தண்ணீரையும் அனுப்பினார். அவற்றைச் சாப்பிட்டது அவருடைய விசுவாசக் குறைவு அல்லவே!

குடும்பமும் சபையும்

ஓரேபில் கர்த்தர் எலியாவுக்குக் கொடுத்த பதிலில் ஒரு துணையும் இருந்தது. எலிசாவைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மனநல சிகிச்சையிலும் குடும்பமே பெரிய துணை. 1950களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர், வியாதியஸ்தரோடு குடும்பத்தாரையும் வளாகத்துக் கூடாரங்களில் தங்கவைத்தார். நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடத் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்வது பல வருஷப் பழக்கம். தூக்கம் குறைவதை முதலில் கவனிப்பது டாக்டர் அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவர்தான்.

உங்கள் காணிக்கையின் இடம் இதுவே. ஒரு லித்தியம் மாத்திரையின் விலை கடையில் குடிக்கும் ஒரு டீயின் விலைக்கும் குறைவு. செலவு மாத்திரையில் இல்லை. இரத்தப் பரிசோதனை, பஸ் கட்டணம், வராதவர் வீட்டைத் தேடிப் போகும் சிஸ்டரின் பயணம், படம் போட்ட அட்டை ஆகியவற்றில் இருக்கிறது. இவை இல்லாவிட்டால் அந்த மலிவான மாத்திரையை நாங்கள் தைரியமாய்க் கொடுக்கவே முடியாது.

வாலிபர் சங்கத்திலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் கலந்து பேச:

1. தூதன் ஒருமுறை மட்டும் வந்து போயிருந்தால் எலியாவின் பயணம் என்னவாகியிருக்கும்?

2. மாத்திரை சாப்பிடும் ஒருவர் நம் சபையில் அதைச் சொல்லத் தயங்குவாரா? ஏன்?

3. நம் சேகரத்தில் தொடர் சிகிச்சையில் இருப்பவருக்குப் பஸ் கட்டணமோ, கூட வர ஓர் ஆளோ கொடுக்க முடியுமா?

ஜெபக் குறிப்புகள்:

மருந்தை விட்டுவிட்டு எங்கள் கண்ணுக்கு மறைந்துபோனவர்களுக்காக. அவர்களைத் தேடிப் போகும் சிஸ்டர்களின் பிரயாணப் பாதுகாப்புக்காக. இரவும் பகலும் விழித்திருந்து கவனிக்கிற மனைவிமார், தாய்மார், கணவன்மாருக்காக. லேப் பணியாளர்களின் கவனமான வேலைக்காக.

உங்களுக்கோ, உங்கள் வீட்டாருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியே போராட வேண்டாம். அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் வாசலும் திறந்திருக்கிறது.

அந்த மாதாந்திர பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்களை நாங்கள் அச்சிட மாட்டோம். கர்த்தர் அவர்களை அறிவார். அவர்கள் அடுத்த மாதமும் அதே பெஞ்சில் வந்து உட்காரும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி ஊழியர் குடும்பத்தார்